இரவு ஏழு மணியின் விலை

கேள்வி: மகாவலியில் நீர் ஓடுகிறது, மன்னாரில் காற்று வீசுகிறது, வெயிலுக்கோ குறைவில்லை. பிறகு ஏன் இந்த மின்கட்டணம்? 2022க்கு முன்பிருந்த கட்டணத்தை அப்படியே வைத்திருந்தால் அரசின் தலையா போய்விடும்?
– வாசகி ஒருவர், வவுனியா

பதில்: அப்படியே வைத்துத்தான் இருந்தார்கள், அரசின் தலை போயும் விட்டது.

2014 செப்டெம்பரில் நுரைச்சோலை அனல்மின் நிலையம் முழுமையடைந்த கையோடு கட்டணம் 25 சதவீதம் குறைக்கப்பட்டது. நான்கு மாதத்துக்குள் ஜனாதிபதித் தேர்தல் வந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அதன்பின் ஆட்சிகள் மாறின, ரூபாய் இறங்கியது, மழை பொய்த்த ஆண்டுகளும் வந்து போயின. ஆனால் 2022 ஓகஸ்ட் வரை கட்டணத்தை உயர்த்த எவருக்கும் துணிவு வரவில்லை. உற்பத்திச் செலவுக்கும் வசூலுக்கும் இடையே விழுந்த பள்ளத்தை இலங்கை மின்சார சபை வங்கிக் கடனாகவும், பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கான நிலுவையாகவும் நிரப்பிக்கொண்டே வந்தது. 2022 மார்ச் இறுதியில் டீசல் கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லாமற் போனபோது, நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டாக அந்தக் கணக்கு நம் வீடுகளுக்கு வந்தது. அந்த மாத இதழின் மெய்ப்பை நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் பார்த்தோம், மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான்.

மாதம் 30 அலகு மட்டும் பாவிக்கும் வீடொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விகிதத்தில் அலகுக்கு 2.50 ரூபாயும் நிலையான கட்டணம் 30 ரூபாயுமாக 105 ரூபாய் கட்டிய அவ்வீடு, 2022 ஓகஸ்டில் 360 ரூபாயும், 2023 பெப்ரவரியில் 1,300 ரூபாயும் கட்ட வேண்டியதாயிற்று. எட்டு ஆண்டுகள் ஒத்திவைத்ததை ஆறே மாதத்தில் வசூலித்தார்கள். அதிலும் ஆகக் குறைவாகப் பாவித்த வீட்டுக்குத்தான் ஆகக் கூடிய மடங்கு. கட்டணம் பின்னர் இறங்கியது உண்மை. ஆனால் 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்துவிட்டு ஜூனில் 15 சதவீதம் கூட்டினால், ஓர் அரிசி ஆலைக்காரர் எதை நம்பித் தன் கணக்கைப் போடுவார்?

இனி நீரும் காற்றும் வெயிலும். நீர்மின்சாரம் மலிவானது, ஆனால் பெரிய அணை கட்டத்தக்க இடங்கள் ஏறத்தாழத் தீர்ந்துவிட்டன, 2024இல் திறக்கப்பட்ட உமா ஓயாவும் 120 மெகாவாட்தான். நுரைச்சோலையின் நிலக்கரியோ கடலைக் கேட்டுத்தான் வரும்: கச்சான் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்துவிட்டால் அங்கே கப்பலில் இருந்து இறக்க முடியாது என்பதால், ஏப்ரலுக்குள் செப்டெம்பர் வரைக்குமான நிலக்கரியைக் குவித்தாக வேண்டும், அதற்கான டொலரும் அதற்கு முன்பே கையில் இருந்தாக வேண்டும்.

வெயிலின் கதைதான் விசித்திரமானது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சர் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். அன்று ஞாயிற்றுக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்பு. தொழிற்சாலைகள் மூடியிருந்தன, தேவை குறைந்திருந்தது, கூரைகளில் இருந்து வந்த சூரிய மின்சாரம் பெரும்பங்கு வகித்தது. ஓர் அதிர்ச்சியைத் தன் வேகத்தாலேயே தாங்கி நிற்கக்கூடிய, நீர் மற்றும் அனல் மின்நிலையங்களின் கனத்த சுழலிகள் போதிய அளவு ஓடவில்லை. அதனால் ஓரிடத்துப் பழுது தீவு முழுவதையும் கவிழ்த்தது. இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைச் சூரியகலங்களைப் பிற்பகல் மூன்று மணிவரை அணைத்து வைக்குமாறு மின்சார சபையே வேண்டிக்கொண்டது. பகலில் வெயிலை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டு, ஏழு மணிக்கு ஊரெல்லாம் விளக்குப் போடும்போது, விலை கூடிய எண்ணெயை எரிக்கிறோம். உங்கள் கட்டணத்தை ஏற்றுவது அந்த ஏழு மணிதான். நண்பகல் வெயிலை மாலைவரை பிடித்து வைக்கும் மின்கலத் தொகுதிகளும், பகலில் நீரை மேலேற்றி இரவில் இறக்கும் நீரேற்று நிலையமும் வராதவரை, இன்னும் பத்தாயிரம் கூரைகளில் தகடு பதித்தாலும் அந்த நேரத்து விலை இறங்காது.

மன்னார் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. போட்டிக் கேள்விப்பத்திரம் கோராமல் அதானி நிறுவனத்துக்கு அலகொன்று 8.26 அமெரிக்க சதத்துக்கு இருபது ஆண்டு ஒப்பந்தம் பேசினார்கள். விலையிலும் பறவைகளின் வழித்தடத்திலும் தகராறு எழுந்து, 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. ஆண்டுகள் போயின, அந்தத் திட்டத்தில் காற்றாடி ஒன்றும் எழவில்லை.

பழைய கட்டணம் திரும்ப வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். அந்த 30 அலகு வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குப் பிணக்கில்லை. அதற்கான தொகையைத் திறைசேரி ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தில் எல்லோரும் காண எழுதி, மின்சாரத்தை விற்பவருக்கு உரிய திகதியில் கொடுக்கட்டும்.