பளிச் நிறத்தில் வரைந்த மரம் ஏன் பொம்மை போல ஆகிவிடுகிறது?

வாசகர் கேள்வி: இரண்டு வருடமாக அக்ரிலிக்கில் நிலக்காட்சிகள் வரைகிறேன். இன்றைய ஓவியர்கள் பலர் மரத்தை ஊதாவாகவும் பாதையை ரோஸாகவும் தீட்டுகிறார்கள். ஆனாலும் அது மரமாகவும் பாதையாகவுமே தெரிகிறது. அதையே நான் செய்தால் பொம்மைப் பெட்டியைத் திறந்து வைத்தது போல இருக்கிறது. நிறத்தைக் குறைத்தாலோ படம் உயிரில்லாமல் போகிறது. எங்கே தவறுகிறேன்? இரண்டு படங்களின் புகைப்படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

படங்களைப் பார்த்தேன். இரண்டையும் முதலில் கைபேசியில் கறுப்பு-வெள்ளையாக மாற்றினேன். ஆற்றங்கரைப் படத்தில் ஊதா மரம், பச்சைக் கரை, ரோஸ் பாதை மூன்றும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொண்டன. மரம் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. நிறத் தேர்வு எனக்குப் பிடித்தே இருந்தது. இடறியிருப்பது டோனில்.

ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சமாக, எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதைத்தான் டோன் என்கிறோம். எது பக்கத்தில் இருக்கிறது, எது தூரத்தில் இருக்கிறது, எது உருண்டையாக இருக்கிறது என்பதையெல்லாம் நம் கண் பெரும்பாலும் டோனை வைத்தே பிடித்துக்கொள்கிறது. டோன் சரியாக இருந்தால் நிறம் எவ்வளவு விலகிப் போனாலும் கண் ஏற்றுக்கொள்ளும். நிழலில் நிற்கும் மரத்தண்டு இருட்டு. ட்யூபிலிருந்து வரும் ஊதாவும் இயல்பிலேயே இருட்டு. அதனால்தான் ஊதா மரம் மரமாகத் தெரிகிறது. வெயில் விழும் மண்பாதை வெளிர். அதனால் வெளிர் ரோஸ் அங்கே பாதையாகிவிடுகிறது. நீங்கள் ஊதாவில் வெள்ளையை அள்ளிக் கலந்து மரத்தை வெளிற வைத்திருக்கிறீர்கள், பாதையில் மஜந்தாவைக் கெட்டியாக அப்பி இருட்டாக்கியிருக்கிறீர்கள். இரண்டும் நடுவழியில் சந்தித்துக்கொண்டன.

பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னியின் 'வின்டர் டிம்பர்' (2009) என்ற படத்தைத் தேடிப் பாருங்கள். 15 கேன்வாஸ்களைச் சேர்த்து வரைந்த பெரிய படம். வெட்டிப்போட்ட மரங்கள் ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கிடக்கின்றன, முன்னால் ஓர் அடிமரம் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கிறது, பின்னால் நீல மரங்கள். பட்டை உரிந்த புதுக்கட்டை உண்மையிலும் வெளிர்தான், நிற்கிற மரம் உண்மையிலும் இருட்டுதான். அந்த ஏற்ற இறக்கத்தை விடாமல் வைத்துக்கொண்டு, நிறத்தின் பெயரை மட்டும் அவர் மாற்றியிருக்கிறார். இன்றைய ஓவியர்கள் பலரிடம் நான் பார்ப்பது இதைத்தான். வெளிச்சக் கணக்கை இயற்கையிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்கள், நிறத்தைத் தாங்கள் தீர்மானிக்கிறார்கள்.

ஒவ்வொரு நிறமும் தன் செறிவு, அதாவது பளிச்சென்ற தன்மை, உச்சத்தில் இருக்கும்போது ஒரு குறிப்பிட்ட டோனில்தான் இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் உச்சம். அல்ட்ராமரின் நீலமும் ஊதாவும் இருட்டின் பக்கம். சிவப்பும் பச்சையும் நடுவில். நிழல் பளிச்சென்று வேண்டுமானால் நீலம், ஊதா, ஆழ்ந்த மஜந்தா பக்கம் போங்கள். மஞ்சளோடு கறுப்பைக் கலந்து நிழல் செய்யப் பார்த்தால் பாசிப்பச்சைதான் கிடைக்கும்.

இதைத் தெரிந்தே மீறவும் செய்யலாம். மோனே 1872-இல் வரைந்த 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' படத்தில் ஆரஞ்சுச் சூரியனும் சுற்றியுள்ள சாம்பல்நீல வானமும் கிட்டத்தட்ட ஒரே டோன். கறுப்பு-வெள்ளையில் பார்த்தால் சூரியன் ஏறத்தாழ மறைந்தே போகும். அதனால்தான் வண்ணத்தில் அது நிலைகொள்ளாமல் துடிப்பது போலத் தோன்றுகிறது. படத்தில் ஓர் இடத்தில் செய்தால் மந்திரம். படம் முழுக்கச் செய்தால் உங்கள் ஆற்றங்கரை.

அடுத்து பச்சைக்கு வருகிறேன். நிலக்காட்சி வரைகிற எல்லோரையும் திணறடிப்பது இதுதான். உங்கள் இரண்டாவது படத்தில் மரம் முழுக்க ஒரே கிளிப்பச்சை, அதன் நிழல் பக்கத்தில் அதே பச்சையோடு கறுப்பு. பொம்மைத்தனம் இங்கிருந்துதான் வருகிறது.

ஒரு மாலை நேரத்தில் அகலமான இலை ஒன்றின் முன்னால் நில்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். இலையின் மேல்பக்கம் நீங்கள் நினைத்ததைவிட மங்கலாக, சாம்பல் கலந்த பச்சையாகத்தான் இருக்கும். தன்மேல் விழும் ஒளியில் பெரும்பங்கை இலை விழுங்கிவிடுகிறது, பச்சையிலும் கொஞ்சத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. இலை வளையும் இடத்தைப் பாருங்கள். அங்கே மினுக்கத்தில் வானம் ஒட்டியிருக்கும், ஏறக்குறைய வெளிர்நீலம். இப்போது சுற்றி வந்து, சூரியனுக்கு எதிராக அதே இலையைப் பாருங்கள். ஒளி இலைக்குள் நுழைந்து வெளியே வருகிறது. மஞ்சள் ஏறிய கிளிப்பச்சை, விளக்கு ஏற்றியது போல. நரம்புகள் கறுத்துத் தெரியும், மேலே உள்ள இன்னொரு இலையின் நிழல் அதன்மீது கத்தரித்து வைத்ததுபோல விழுந்திருக்கும். ஆக, ஓர் இலைக்கே மூன்று நிறங்கள். ட்யூபில் இருக்கும் பளிச் பச்சை மூன்றாவதற்கு மட்டும்தான் பொருந்தும். அதை மரம் முழுக்கப் பூசினால், எல்லா இலைகளையும் ஒரே நேரத்தில் பின்னாலிருந்து விளக்குப் போட்டுக் காட்டியது போல ஆகிவிடுகிறது. கண் அதை நம்ப மறுக்கிறது.

அதனால் அந்தக் கிளிப்பச்சையை ஒளி ஊடுருவும் ஏழெட்டு இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் பச்சையோடு கொஞ்சம் சிவப்போ மஜந்தாவோ சேர்த்து அடக்குங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். திறந்தவெளியில் சூரியன் மறைக்கப்பட்ட இடத்துக்கு பெரும்பாலும் வானத்தின் ஒளிதான் வந்து சேருகிறது, அதனால் நிழலில் உண்மையிலேயே நீலம் இருக்கிறது. ஊதா நிழல் போடுகிற ஓவியர் பொய் சொல்லவில்லை. இருப்பதைத்தான் உரக்கச் சொல்கிறார்.

எனக்கு மிகவும் கைகொடுத்த வழி ஒன்று உண்டு. பச்சை நிறைந்த காட்சி என்றால் வெள்ளைக் கேன்வாஸில் தொடங்கவே மாட்டேன். மெல்லிய ஆரஞ்சையோ செங்கல் நிறத்தையோ முழுக்கப் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் பச்சைகளைப் போடுவேன். பிரஷ் தடங்களுக்கு நடுவே ஆரஞ்சு பொட்டுப் பொட்டாக எட்டிப்பார்க்கும். அந்தப் பொட்டுகளை மூட வேண்டாம். பச்சைக்கு எதிர்நிறம் சிவப்புப் பக்கம் இருப்பதால், ஒரு சொட்டுப் பளிச் பச்சை கூடச் சேர்க்காமலே இலைக்கூட்டம் மினுங்கத் தொடங்கும்.

இது அண்டை நிறங்கள் செய்கிற வேலை. பாரிஸ் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூலில் கறுப்பு போதவில்லை என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் கறுப்பை மாற்றிக் காட்டின என்று கண்டார். 1839-இல் அதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார். நீங்களும் ஒரு தாளில் சோதித்துப் பாருங்கள். ஒரே ஆரஞ்சை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்றைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளும். மற்றதைச் சுற்றி நீலச் சாம்பல். முதலாவது கூட்டத்தில் தொலைந்துவிடும். இரண்டாவது கனல் மாதிரி நிற்கும். சாம்பலைக் கறுப்பும் வெள்ளையும் கலந்து செய்யாதீர்கள். அல்ட்ராமரினும் ஆரஞ்சும் சேர்த்து, அப்புறம் வெள்ளையைக் கலந்துகொள்ளுங்கள். அந்தச் சாம்பலுக்குள் நிறம் மிச்சமிருக்கும்.

உங்கள் படங்களில் நான் ஏங்கியது இந்தச் சாம்பலுக்குத்தான். எல்லாருமே ஒரே நேரத்தில் உரக்கப் பேசினால் யார் பேச்சும் காதில் விழாது இல்லையா? ஆனால் பளிச் நிறங்களை மட்டுமே வைத்துச் சாதிப்பவர்களும் உண்டு. எட்டல் அட்னான் (1925–2021) கலிபோர்னியாவின் டமால்பயிஸ் மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தவர். சின்னச் சின்னக் கேன்வாஸ்கள். பெயிண்டைக் கத்தியால் தட்டையாக இழுத்து, ஒவ்வொரு நிறத்தையும் தெளிவான ஒரு துண்டாக வைப்பார். வடிவங்கள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் தனி அளவு. ஒரு பெரிய பரப்பு, ஒரு நடுத்தரப் பரப்பு, ஒரு சின்னத் துண்டு என்று இருக்கும்போது நிறங்கள் சண்டை போடுவதில்லை. பளிச் நிறத்தோடு பொடிப்பொடியாக விவரமும் சேரும்போதுதான் கண் களைக்கிறது. உங்கள் ஆற்றங்கரையில் ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் தனி நிறம் கொடுத்திருக்கிறீர்கள்.

பெயிண்ட் பற்றிச் சுருக்கமாக. ட்யூபின் பின்பக்கம், உள்ளே எந்த நிறமி இருக்கிறது என்று சொல்லும் குறியீட்டைப் பாருங்கள். ஒரே ஒரு குறியீடு மட்டும் போட்ட ட்யூப்களை வாங்கினால் கலவை சேறாகாது. மூன்று நிறமிகள் சேர்ந்த ட்யூபோடு இன்னொரு மூன்று சேர்ந்தால் சேறுதான். 1905-இல் ஓவியர்கள் மத்தீஸும் டெரெயினும் பிரான்ஸின் கொலியூர் கடற்கரையில் சிவப்பு மரங்கள் வரைந்தபோது இல்லாத நிறமிகள் இன்று நம்மிடம் இருக்கின்றன. தாலோ நீலமும் பச்சையும் 1930-களில் வந்தன, குவினாக்ரிடோன் மஜந்தா 1958-இல் விற்பனைக்கு வந்தது. தாலோவுக்குச் சாயமேற்றும் சக்தி அதிகம், பட்டாணி அளவுகூட வேண்டாம். வெள்ளையைக் கலக்கும்போது நிறம் வெளிறுவதோடு சுண்ணாம்புத்தன்மையும் குளிர்ச்சியும் ஏறுகின்றன. பளிச்சென்ற வெளிர் நிறம் வேண்டுமானால் வெள்ளை அடிப்பூச்சின்மேல் தண்ணீர் கலந்த மெல்லிய பூச்சாகப் போடுங்கள். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி இருட்டாகும், அதையும் கணக்கில் வையுங்கள். ஒளிரும் ஃப்ளோரசன்ட் நிறங்கள் வெளிச்சத்தில் சீக்கிரம் மங்கும். நீடிக்க வேண்டிய படத்தில் நான் அவற்றைத் தொடுவதில்லை.

இன்னொன்று, திரையில் பார்க்கும் படத்தோடு உங்கள் கேன்வாஸை ஒப்பிட்டு மனம் தளராதீர்கள். ஹாக்னி 2011-இல் இங்கிலாந்தின் வோல்ட்கேட் சாலையில் வசந்தம் வந்ததை 51 ஐபேட் ஓவியங்களாகவும் 32 கேன்வாஸ்கள் சேர்ந்த ஒரு பெரிய படமாகவும் செய்தார். ஐபேடில் நிறம் என்பது திரையிலிருந்து வரும் ஒளியே. காகிதத்திலும் துணியிலும் பெயிண்ட் ஒளியைத் திருப்பி அனுப்ப மட்டுமே முடியும். அந்த வெளிச்சத்தைப் பெயிண்டால் துரத்தினால் செறிவைக் கூட்டிக் கூட்டி முட்டிக்கொள்வீர்கள்.

எந்த நிறத்தைப் பெரிதாக்குவது என்று எப்படி முடிவெடுப்பது? 1888-இல் பிரான்ஸின் போன்-அவென் கிராமத்தருகே பால் செருசியே என்ற இளம் ஓவியரிடம் ஓவியர் கோகன் கேட்டாராம், அந்த மரம் உனக்கு எப்படித் தெரிகிறது என்று. மஞ்சளாகத் தெரிகிறது என்றால் மஞ்சளையே போடு என்றார். 'டாலிஸ்மன்' என்ற சின்னப் பலகை ஓவியம் அப்படித்தான் பிறந்தது. அங்கே முதலில் நடந்தது பார்த்தல். கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்ததை முழு மஞ்சளாக்கியது அப்புறம். ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர் எமிலி காம் ஞ்வாரே (இறப்பு 1996) எண்பது வயதை நெருங்கும்போது கேன்வாஸில் வரையத் தொடங்கி, தன் நிலமான அல்ஹல்கெரேயைப் புள்ளிகளாலும் நிறங்களாலும் நிரப்பினார். அந்த நிலத்தின் விதையும் பூவும் பருவமும் அவருக்கு அத்துபடி. நிறம் அங்கிருந்து வந்தது.

சரி, ஆற்றங்கரைப் படத்தைத் தூக்கிப் போடாதீர்கள், காப்பாற்றலாம். அடிமரத்தின் ஊதாமேல் வெள்ளையில்லாத அல்ட்ராமரினையும் மஜந்தாவையும் மெல்லியதாக ஏற்றி இருட்டாக்குங்கள். பாதையை வெளிர் ரோஸால் மூடுங்கள், கூழாங்கற்கள் போகட்டும். கரையின் பச்சையில் மூன்றில் இரண்டு பங்கை அந்த நீலச் சாம்பலால் அடக்குங்கள். தண்ணீருக்கு எதிரே தொங்கும் அந்த ஒரு கிளையை மட்டும் தொடாதீர்கள். ஒளி ஊடுருவும் இலைகள் அங்கேதான் இருக்கின்றன, நீங்கள் அதைச் சரியாகப் பார்த்திருக்கிறீர்கள். காய்ந்ததும் படத்தையும் அதன் கறுப்பு-வெள்ளைப் பிரதியையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.