கேட்டதும் சொன்னதும்: முதலாண்டு நுண்கணிதம்

கேள்வி: பள்ளியை முடித்து மூன்று ஆண்டு கழித்துப் பல்கலைக்கழகத்தில் சேர்கிறேன். முதல் பருவத்திலேயே நுண்கணிதம். வகுப்பு தொடங்க ஒரு மாதம் இருக்கிறது. பாடநூலை இப்போதே படிக்கத் தொடங்கலாமா?

பதில்: பாடநூல் காத்திருக்கட்டும். இந்த ஒரு மாதத்தை இயற்கணிதத்துக்குக் கொடுங்கள். திருத்திய நுண்கணித விடைத்தாள்களைப் பார்த்தால், பெரும்பாலும் வகையிட்ட வரி சரியாகவே இருக்கும். அதைச் சுருக்கும் அடுத்த வரியில்தான் சிவப்பு மை விழுந்திருக்கும். (எக்ஸ்+3)² என்பதை எக்ஸ்²+9 என்று விரிப்பது, எக்ஸ்²+16-இன் வர்க்கமூலம் எக்ஸ்+4 என்று எழுதுவது, பின்னத்தின் மேலே கூட்டலில் நிற்கும் உறுப்பைக் கீழே உள்ளதோடு அடித்துவிடுவது ஆகிய மூன்றும் அடிக்கடி வரும் தவறுகள். சந்தேகம் வந்தால் ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். எக்ஸ் 3 என்றால் 9+16-இன் வர்க்கமூலம் 5. எக்ஸ்+4 என்பதோ 7.

அடுத்தது அடுக்குகள். 'ஒன்றின் கீழ் எக்ஸ்-இன் வர்க்கமூலம்' என்பதைப் பார்த்தவுடனே எக்ஸ்-இன் அடுக்கு −1/2 என்று கை எழுத வேண்டும்; இல்லாவிட்டால் வகையிடும் விதி தெரிந்தும் பயன்படாது. மடக்கை விதிகள், 0, 30, 45, 60, 90 பாகைகளின் சைன், கொசைன் மதிப்புகள், அவற்றின் ரேடியன் அளவுகள் எல்லாம் பார்க்காமல் வர வேண்டும். எக்ஸ்², எக்ஸ்³, 1/எக்ஸ், சைன், அடுக்குச் சார்பு, மடக்கைச் சார்பு ஆகியவற்றின் வரைபடங்களைக் கையால் வரைந்து பழகுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு மாதத்தில் இத்தனையும் முடிந்துவிடும்.

கேள்வி: எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது (எக்ஸ்²−9)/(எக்ஸ்−3)-இன் எல்லை 6 என்கிறார்கள். 3-ஐப் போட்டால் 0/0 அல்லவா வருகிறது?

பதில்: 3-இல் என்ன மதிப்பு என்று எல்லை கேட்பதே இல்லை, அக்கம்பக்கத்தில் சார்பு எதை நோக்கிப் போகிறது என்றுதான் கேட்கிறது. 2.9-ஐப் போட்டால் 5.9, 2.99-க்கு 5.99, அந்தப் பக்கம் 3.01-க்கு 6.01. எக்ஸ் ஒருபோதும் 3 ஆகாததால்தான் எக்ஸ்−3 என்ற காரணியை மேலும் கீழும் அடிக்க உரிமை கிடைக்கிறது. 0/0 வந்தால் 'இன்னும் வேலை இருக்கிறது' என்று பொருள். உடனே லோபிதால் விதியை (மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியே வகையிட்டு எல்லை காண்பது) எடுக்கவும் வேண்டாம். 0/0 அல்லது முடிவிலி/முடிவிலி வடிவத்துக்கு மட்டுமே அது செல்லும். எக்ஸ் 0-ஐ நெருங்கும்போது (எக்ஸ்+1)/(எக்ஸ்+2)-க்கு அதைப் போட்டால் 1 வரும். சரியான எல்லை 1/2.

கேள்வி: 5 மீட்டர் ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது. அடி நொடிக்கு 0.5 மீட்டர் வீதம் சுவரை விட்டு விலகுகிறது. அடி 3 மீட்டர் தள்ளி இருக்கும்போது உச்சி எவ்வளவு வேகத்தில் இறங்கும்? எனக்கு விடை பூச்சியமாகவே வருகிறது.

பதில்: எண்களை அவசரப்பட்டுப் போட்டிருப்பீர்கள். 9+16=25 என்று எழுதிவிட்டு வகையிட்டால் எல்லாமே மாறிலி; 0=0 என்பதுதான் மிஞ்சும். மாறுகிற எதுவும் வகையிட்டு முடியும்வரை எழுத்தாகவே நிற்க வேண்டும். அடியின் தூரம் எக்ஸ், உச்சியின் உயரம் ஒய் என்று வையுங்கள். ஏணியின் நீளம் மாறாததால் 5 மட்டும் தொடக்கத்திலிருந்தே எண்ணாக இருக்கலாம்.

எக்ஸ்²+ஒய்²=25. இதை எக்ஸைப் பொறுத்து அல்ல, நேரத்தைப் பொறுத்து வகையிடுங்கள்: 2எக்ஸ் × (எக்ஸ்-இன் வீதம்) + 2ஒய் × (ஒய்-இன் வீதம்) = 0. இப்போது எண்கள் வரலாம். எக்ஸ் 3 என்றால் ஒய் 4. ஆகவே 2×3×0.5 + 2×4×(ஒய்-இன் வீதம்) = 0; ஒய்-இன் வீதம் −0.375. கழித்தல் குறி உயரம் குறைவதைச் சொல்கிறது. 'எவ்வளவு வேகத்தில் இறங்கும்' என்று கேட்டால் நொடிக்கு 0.375 மீட்டர் என எழுதுங்கள், அலகை விட்டுவிடாதீர்கள்.

(ஒய் பூச்சியத்தை நெருங்க நெருங்க இந்தச் சமன்பாடு எல்லையில்லா வேகத்தைக் காட்டும். உண்மையான ஏணி அதற்குள் சுவரை விட்டு விலகிவிடும். அங்கே சமன்பாடே செல்லாது.)

கேள்வி: எக்ஸ் பூச்சியத்தை நெருங்கும்போது சைன் எக்ஸ்/எக்ஸ் 1-ஐ நெருங்கும் என்கிறது புத்தகம். என் கால்குலேட்டர் 0.01745 என்கிறது.

பதில்: அது டிகிரியில் இருக்கிறது. ரேடியனுக்கு மாற்றுங்கள். சைனின் வகைக்கெழு கொசைன் என்பதும் ரேடியனில் மட்டுமே உண்மை.

கேள்வி: வகுப்பில் எல்லாம் புரிகிறது, தேர்வில் கை ஓடவில்லை.

பதில்: தீர்த்து வைத்த கணக்கை வாசிப்பது வேறு, தீர்ப்பது வேறு. ஓர் எடுத்துக்காட்டைப் படித்ததும் புத்தகத்தை மூடி வெற்றுத்தாளில் போடுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போடுங்கள். ஒரே பயிற்சியில் இருபது கணக்கைத் தொடர்ந்து போடுவதில் ஒரு வஞ்சகம் உண்டு: எந்த விதி என்பதைப் பயிற்சியின் தலைப்பே சொல்லிவிடும். தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதிக் கணக்குகளைக் கலந்து வைத்து, விடை காணாமல் 'இதற்கு எந்த விதி, ஏன்' என்று மட்டும் எழுதிப் பாருங்கள். (3எக்ஸ்+1)-இன் ஐந்தாம் அடுக்கை வகையிடும்போது உள்ளிருக்கும் 3-ஐ மறந்து 5-உடன் நிறுத்துகிறவர்கள் ஏராளம். அங்கே 15 வர வேண்டும்.

கேள்வி: 1/எக்ஸ்²-ஐ −1 முதல் 1 வரை தொகையிட்டேன். −2 வந்தது. விதிப்படிதான் செய்தேன், தவறு என்கிறார்கள்.

பதில்: வரைபடத்தைப் பாருங்கள். எங்கும் அச்சுக்கு மேலேயே நிற்கிற சார்புக்குப் பரப்பு குறை எண்ணாக வருமா? −1/எக்ஸ்-இல் இரு முனைகளையும் போட்டுக் கழித்திருக்கிறீர்கள். சார்பு அந்த இடைவெளி முழுதும் தொடர்ச்சியாக இருந்தால்தான் அப்படிச் செய்யலாம். இங்கே நடுவில் 0-இல் சார்பு வானத்துக்குப் போகிறது. இது முறையற்ற தொகையீடு. 0-இல் பிரித்து ஒவ்வொரு பக்கத்தையும் எல்லையாக எழுதினால் இரண்டுமே முடிவிலிக்குப் போகும். 'விரிகிறது' என்று எழுதுவதே விடை. அதே சார்பை 1 முதல் முடிவிலி வரை தொகையிட்டுப் பாருங்கள், ஒழுங்காக 1 வரும்.