அலுமாரியில் கிடக்கும் இடாப்பு

அன்பின் ஐயாவுக்கு,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். வயது 29. கலைமாணிப் பட்டம் முடித்து ஐந்து வருடமாகிறது. வரலாற்றில் முதுமாணி செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். "அந்தக் காசுக்குக் கூரைத் தகரத்த மாத்தலாம், வரலாறு படிச்சு யாருக்கு என்ன வரப்போகுது" என்கிறார். அதிபர் முதலில் கல்வி டிப்ளோமாவைச் செய்யச் சொல்கிறார். எனக்கு ஆங்கிலமும் அவ்வளவு வராது. 'மலையக மக்களின் 200 ஆண்டு வரலாறு' என்று ஆய்வுத் தலைப்புக்கூட யோசித்து வைத்திருக்கிறேன். இது சரிவருமா? எங்களைப் பற்றி ஆவணம் என்று ஏதாவது இருக்கிறதா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்பின் டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது அம்மாவின் கேள்விதான். மழைக்குக் காம்பராவில் சட்டி வைத்துப் படுத்தவன் நான். அந்தக் கேள்வியைத் தட்டிவிட்டுப் பேச என்னால் முடியாது.

எனவே நேராகவே சொல்கிறேன். வரலாற்று முதுமாணியால் புதிதாக வேலை எதுவும் கிடைக்காது. உங்களுக்கு வேலை இருக்கிறது. அந்த வேலையில் மேலே போக உதவுவது கல்வி டிப்ளோமா. அதிபர் சொல்வதைக் கேளுங்கள். கூரையையும் மாற்றுங்கள். முதுமாணி இரண்டு வருடம் பொறுக்கும், பேராதனை எங்கேயும் ஓடிப்போகாது. பொறுக்காதது வேறொன்று இருக்கிறது. அதை இந்தக் கிழமையே தொடங்கச் சொல்லத்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளமாகிறது.

உங்கள் பாடசாலை அலுமாரியில் பழைய சேர்வு இடாப்பு, அதாவது பிள்ளைகளைச் சேர்த்த பதிவேடு, இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பாடசாலையிலும் தப்பியிருக்காது. ஆனால் பல இடங்களில் அலுமாரியின் அடித்தட்டில், கறையானுக்கும் ஈரத்துக்கும் நடுவே, யாரும் தொடாமல் கிடக்கிறது. 1960களின் கடைசியிலிருந்து 1980களின் தொடக்கம் வரையுள்ள பக்கங்களைப் புரட்டுங்கள். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, சேர்ந்த திகதி, விலகிய திகதி, விலகிய காரணம். அந்தக் கடைசிக் கட்டத்தில் 'இந்தியா' என்று ஒற்றைச் சொல் எழுதியிருக்கும். அடுத்த வரியில் தம்பி. அதே திகதி, அதே சொல். சில பக்கங்களில் மேலிருந்து கீழே வரை அதுதான்.

1964 ஒக்டோபர் 30-ந் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் நாடற்றிருந்த நம் ஆட்களைப் பற்றிச் செய்த ஒப்பந்தத்தை வகுப்பில் படிப்பிக்கிறீர்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, 1974-ல் அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் இந்த எண்களைப் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதுகிறார்கள். அந்த எண் ஒரு தோட்டத்தில், தொழிலாளரின் வரிசை வீடான ஒரு லயத்தில், மூன்றாம் வகுப்பு வாங்கில் எப்படி இறங்கியது என்பது அந்த இடாப்பில் இருக்கிறது. எந்தப் பிள்ளை எந்த மாதம் போனது, எந்தக் குடும்பம் பாதியாகப் பிரிந்தது, போகிறோம் என்று பெயர் வெட்டிக்கொண்ட எந்தப் பிள்ளை ஆறு மாதத்தில் மறுபடி வந்து சேர்ந்தது, எல்லாமே. இதை வைத்து ஒரு நல்ல முதுமாணி ஆய்வு எழுதலாம். உங்கள் தலைப்பை விட இது எவ்வளவோ மேல்.

200 ஆண்டு வரலாறு என்ற ஆசை எனக்கு விளங்காமல் இல்லை. 2023-ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் ஆட்கள் நடந்தபோது நானும் கொஞ்சத் தூரம் நடந்தேன். மூத்தவர்கள் வந்த வழியில் கால் வைத்தால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிவிடத்தான் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பி, 1869-ல் அதன் இலையில் விழுந்த நோய், அதற்கு இரண்டு வருடம் முன்பே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வைத்த தேயிலை, 1931-ல் ஹட்டனில் நடேசய்யர் அமைத்த தொழிற்சங்கம், 1940 ஜனவரியில் முல்லோயா வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டது, 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற 7 ஆசனம், அடுத்த வருடமே வந்து நம்மை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டம். ஒவ்வொன்றும் தனித்தனி ஆய்வு. எல்லாவற்றையும் ஒரே ஆய்வில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பக்கம் வரும். அந்தப் பத்துப் பக்கமும் ஏற்கெனவே யாரோ எழுதியதைத் திருப்பி எழுதியதாகத்தான் இருக்கும்.

அப்படியானால் முதுமாணி எதற்கு, இடாப்பை நானே வாசித்து ஒரு கட்டுரை எழுதிவிடலாமே என்று கேட்பீர்கள். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு முன், ஒரு தோட்டத்து ஸ்டோரின் மேல்தட்டில் 1950களின் செக்ரோல் புத்தகங்களை, அதாவது தொழிலாளரின் வேலை நாள் பதியும் பேரேடுகளை, பார்த்தேன். சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் உட்கார்ந்து வாசிக்கக் கணக்கப்பிள்ளை இடம் கொடுத்தார். பெயருக்கு முன்னால் நம்பர், நாளுக்கு ஒரு கட்டம். முழுப் பேருக்கு, அதாவது முழு நாள் வேலைக்கு, ஒரு குறி. அரைப் பேருக்கு, அரை நாளுக்கு, ஒரு குறி. 47-ம் நம்பரில் ஒரு பெண். நாள் தவறாமல் முழுப் பேர் போட்டவள், ஒரு மாதம் 12-ந் திகதியோடு நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு ஆறு கிழமை வெறுங்கட்டம். திரும்ப வந்து நாலு நாள் அரைப் பேர், அப்புறம் பழையபடி முழுப் பேர். அந்தத் தோட்டத்தில் பிறந்த என் அத்தையிடம் பெயரைச் சொல்லிக் கேட்டேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதுக்குப் புள்ள பொறந்து செத்துப்போச்சுய்யா" என்றார்.

அதை அப்படியே ஒரு கட்டுரையில் எழுதினேன். பலர் படித்துவிட்டு அழுததாகச் சொன்னார்கள். ஒரே ஒரு வரலாற்று ஆசிரியர் மட்டும், பிறப்பு இறப்புப் பதிவைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை. அத்தை சொன்னது வேறொரு பெண்ணின் கதையாக இருந்திருக்கலாம். அதே பெயரில் அந்தச் செக்ரோலிலேயே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். சரி, மறுபடி போய்ப் பார்ப்போம் என்று போனால் புத்தகங்கள் இல்லை. இடம் அடைக்கிறதென்று தேயிலை காய்ச்சும் ட்ரையர் அடுப்பில் போட்டுவிட்டார்களாம். என் கையில் மிஞ்சியது நான் பென்சிலால் எழுதிவந்த மூன்று பக்கம். 47-ம் நம்பருக்கு என்ன நடந்தது என்று இனி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது இன்றைக்கும் என்னை வருத்துகிறது.

'உனக்கு எப்படித் தெரியும், இன்னோர் இடத்தில் சரிபார்த்தாயா' என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேட்க ஓர் ஆள் வேண்டும். முதுமாணியில் உங்களுக்குக் கிடைப்பது அந்த ஆள். நம்மைப் பற்றி நாம் எழுதும்போது கண்ணீர் சீக்கிரம் வந்துவிடுகிறது, சான்று பின்னால் நின்றுவிடுகிறது. நம் மூத்தவர்கள் பட்ட பாட்டுக்கு நாம் செய்யும் மரியாதை, அதை யாராலும் மறுக்க முடியாதபடி எழுதுவதுதான்.

இனிக் காரியத்துக்கு வருவோம். நம் நாட்டில் முதுமாணி இரண்டு விதம். 30 திறமைப் புள்ளியுடன் (கிரெடிட்) பாடநெறியை மட்டும் முடிப்பது ஒன்று. ஆய்வும் சேர்ந்து 60 புள்ளிக்குச் செய்வது மற்றது. முன்னது சுருக்கம், செலவும் குறைவு. ஆனாலும் ஆய்வு உள்ளதையே எடுங்கள். ஆய்வில்லாத வரலாற்று முதுமாணி உங்களுக்கு வேண்டாம். விண்ணப்பிக்குமுன் உங்களை மேற்பார்வை செய்யக்கூடிய ஆசிரியர் யார் என்று விசாரித்து, போய்ப் பாருங்கள். பத்து இடாப்புப் பக்கங்களின் படத்தைக் காட்டுங்கள். உங்களிடம் மூலம் இருக்கிறது என்று கண்டால் அவர் பேசும் விதமே மாறும்.

ஆவணம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் துரைமார் பக்கத்திலிருந்து. கொழும்பு 7-ல் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அரசாங்க அறிக்கைகளும் பழைய பத்திரிகைகளும் கிடக்கின்றன. பெர்குசன் டிரக்டரியில் எந்தத் தோட்டம் எத்தனை ஏக்கர், துரை யார் என்று வருடவாரியாகப் பார்க்கலாம். டெய்லர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் ஸ்கொட்லாந்தில் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவருக்காகக் காடு வெட்டியவர்கள் கடிதம் எழுதத் தெரியாதவர்கள். அவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் அகப்படுவார்கள், பெயர் அரிதாகத்தான் வரும். அதனால்தான் பெயர் இருக்கிற இடாப்பையும் செக்ரோலையும் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பெயர் இருக்கிற இன்னோர் இடம் வீட்டு டிரங்குப் பெட்டி. 1949-ன் சட்டப்படி பிரஜாவுரிமை கேட்டவர்கள் தொடர்ந்து இந்த நாட்டில் வசித்ததைக் காட்ட வேண்டியிருந்தது. மணமானவர்களுக்கு 7 வருடம், மணமாகாதவர்களுக்கு 10 வருடம். காகிதமே இல்லாத மனிதர்களிடம் காகிதம் கேட்டார்கள். அப்போது பயந்து சேர்த்துவைக்கத் தொடங்கியதை நம் வீடுகளில் இன்னும் எறியவில்லை. பழைய துண்டுச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ், நிராகரித்த கடிதம், போக மறுத்தவர்களின் இந்தியக் கடவுச்சீட்டு. போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கிறார்கள். இடாப்பில் 'இந்தியா' என்று எழுதப்பட்ட பிள்ளைக்கு இப்போது ஐம்பது, அறுபது வயதாவது இருக்கும். உங்கள் தோட்டத்தில் யாராவது ஒருவரிடம் அவருடைய வாட்ஸப் நம்பர் இருக்கும். பேசிப் பாருங்கள்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். நிர்வாக அறிக்கைகளின் ஆங்கிலம் சில நூறு சொற்களுக்குள் சுற்றிச்சுற்றி வருவது. ஒரு வருடத்து அறிக்கையை அகராதியோடு முக்கித்தக்கி வாசித்து முடித்தால் அடுத்த வருடத்தது பாதி நேரத்தில் முடிந்துவிடும். நான் அப்படித்தான் படித்தேன். சிங்களம் வாசிக்கவும் பழகுங்கள். அப்புறம், உங்களிடம் இருப்பதையும் குறைவாக எடைபோடாதீர்கள். அரைப் பேர் என்றால் என்ன, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு எத்தனை மணிக்கு, பணிய லயத்தையும் மேல் லயத்தையும் பிரிப்பது எது என்பதெல்லாம் கொழும்பில் பல வருடம் படித்த ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. நீங்கள் அதில் வளர்ந்தவர்.

நாளைக்கே அதிபரிடம் போய், இடாப்பைப் பார்க்கவும் படமெடுக்கவும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வெளியே கொண்டுபோக வேண்டாம். ஜன்னல் பக்கம் வைத்து, ஒரு பக்கமும் விடாமல், வெறும் பக்கத்தையும் சேர்த்துப் போனில் படமெடுங்கள். அட்டையையும் எடுங்கள். பிள்ளைகளின் பெயரும் பிறந்த திகதியும் இருப்பதால் எதையும் முகநூலில் போட்டுவிடாதீர்கள். வீட்டுப் பெட்டியிலுள்ள காகிதங்களை யாராவது லேமினேட் செய்யச் சொன்னால் செய்யவே செய்யாதீர்கள். அந்தச் சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. அமிலமில்லாத கவர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சுத்தமான வெள்ளைத் தாளுக்குள் மடிக்காமல் வையுங்கள்.

பெட்டியைத் திறக்கும்போது அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு காகிதமாக எடுத்துக் கொடுத்து, இது யாருடையது, ஏன் வைத்திருக்கிறோம் என்று கேளுங்கள். போனில் குரலைப் பதியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சமையல் முடிந்த நேரமாகப் பார்த்து. என்ன கிடைத்ததென்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.