லாப்லாந்துக்குப் பனிக்காலத்தில் போகலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

லாப்லாந்து எனப்படும், நார்வே, சுவீடன், பின்லாந்து மூன்றின் வடகோடிக்குக் குளிர்காலத்தில் போவது பற்றி எனக்கு வரும் கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன். ஆறு குளிர்காலங்கள் அங்கே போய் வந்திருக்கிறேன். விலையும் பேருந்து நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அவற்றுக்குள் அதிகம் போகவில்லை.

பிள்ளைகளுக்கு டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை. அப்போது போவதா, மார்ச்சில் போவதா? (சேலம் வாசகி)

மார்ச். ஆண்டுத் தேர்வு நெருங்கும் மாதம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

வட நார்வேயின் டிராம்சோவில் நவம்பர் 27 முதல் ஜனவரி 15 வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. பின்லாந்தின் ரோவனியெமி ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி இருக்கிறது. அங்கே டிசம்பர் 21 வாக்கில் சூரியன் இரண்டு மணி நேரம் போலத் தலை காட்டிவிட்டு இறங்கிவிடும். மார்ச் நடுவில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகிவிடும். பனி அப்போதுதான் ஆழமாகப் படிந்திருக்கும். பகல் முழுக்க வெளியே விளையாடலாம், இரவில் அரோரா என்ற துருவ ஒளியைப் பார்க்கவும் போதுமான இருட்டு உண்டு. கிறிஸ்துமஸ் வாரங்களில் ரோவனியெமியில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும், கூட்டமும் அப்படியே.

பள்ளி விடுமுறையை விட்டால் வழியே இல்லை என்றால் டிசம்பரிலேயே போய் வாருங்கள், ஆனால் இருட்டைத் தெரிந்துகொண்டு போங்கள். துருவ இரவு என்றால் கும்மிருட்டு என்று நினைக்க வேண்டாம். மதியம் சில மணி நேரம் வானமும் பனியும் ஒரே நீலமாக இருக்கும். பிள்ளைகளுக்கான வெளி வேலைகளை எல்லாம் காலை 10 முதல் 2 மணிக்குள் வைத்துக்கொண்டால் நாள் சரியாகப் போகும்.

மூன்று இரவு டிராம்சோவில் தங்குகிறோம். அரோரா கட்டாயம் தெரியுமா? கே.பி. எண் 5-க்கு மேலே போக வேண்டும் என்கிறார்களே? (பெங்களூரு வாசகர்)

கட்டாயம் தெரியும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் கே.பி. எண்ணைப் பார்த்துக் கவலைப்படவும் வேண்டாம். அரோரா எவ்வளவு தெற்கே இறங்கி வரும் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. டிராம்சோ, சுவீடனின் அபிஸ்கோ, பின்லாந்தின் இனாரி மூன்றும், துருவத்தைச் சுற்றி அரோரா வழக்கமாகத் தோன்றும் வளையத்துக்கு நேர் கீழேயே இருக்கின்றன. அங்கே எண் 1 அல்லது 2 என்றாலே போதும். ஹெல்சிங்கியில் நிற்பவருக்குத்தான் 5 வேண்டும்.

உண்மையில் காரியத்தைக் கெடுப்பது மேகம். அரோரா தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேலே நடக்கிறது, மேகமோ 10 கிலோமீட்டருக்குள். மேலே ஆக்சிஜன் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தாலும் கீழே நிற்பவருக்குச் சாம்பல் கூரைதான் தெரியும். எனவே அரோரா ஆப்பை விட்டுவிட்டு மேக வரைபடத்தைப் பாருங்கள். டிராம்சோ கடற்கரை ஊர் என்பதால் மேகம் அதிகம். அங்கிருந்து கிளம்பும் வேன்கள் தெளிந்த வானம் தேடிப் பின்லாந்து எல்லை வரை ஓட்டிப் போவதும் அதனால்தான். சுவீடனின் அபிஸ்கோவுக்கு மேற்கே மலைத்தொடர் இருக்கிறது. கடலிலிருந்து வரும் ஈரத்தை மலை அந்தப் பக்கமே பிழிந்துவிடுவதால் ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழையும் பனியும்தான் அங்கே விழுகிறது. நாட்டிலேயே வறண்ட இடங்களில் அதுவும் ஒன்று.

முதல் முறை போனபோது ஐந்து இரவுகளுக்கு நான்கு ஊர் போட்டு வைத்திருந்தேன். போன ஊரிலெல்லாம் மேகம். நான் கிளம்பிய பிறகு வானம் திறந்ததாகச் செய்தி வரும். அடுத்த ஆண்டு அபிஸ்கோவில் நாலு இரவு நகராமல் இருந்தேன். மூன்றாம் நாள் இரவு 11 மணிக்கு, மலைக்கு மேலே வெளிறிய புகைக்கோடு மாதிரி ஒன்று தெரிந்தது. படங்களில் வரும் பச்சை இல்லை, கிட்டத்தட்ட வெள்ளை. மேகம்தான் என்று நினைத்தேன். திடீரென்று அது அசைந்தது. அப்புறம் பத்து நிமிடம் வானம் முழுக்கப் பச்சைத் திரைச்சீலை ஆடியது. அன்றைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவரும் பேசவில்லை.

ஆக, மூன்று இரவை நாலாக்குங்கள், ஒரே இடத்தில் இருங்கள், மாலை 6 முதல் நள்ளிரவு 1 வரை அரை மணிக்கு ஒரு தடவை வெளியே எட்டிப் பாருங்கள். சூரியனின் செயல்பாடு 2024-ல் உச்சத்தைத் தொட்டது, இனி வாய்ப்புப் போய்விட்டது என்ற பேச்சையும் தள்ளுங்கள். வளையத்துக்குக் கீழே இருக்கும் ஊர்களில் சூரியன் அடங்கிய ஆண்டுகளிலும் அரோரா தெரிகிறது.

அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி. கோவைக் குளிருக்கே ஸ்வெட்டர் போடுவார். அழைத்துப் போகலாமா, என்னென்ன உடை வாங்க வேண்டும்? (கோவை வாசகி)

தாராளமாக அழைத்துப் போங்கள். குளிரைவிட நீங்கள் பயப்பட வேண்டியது தரையில் இருக்கும் வழுக்கலுக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உடையில் முதல் விதி, உடம்பைத் தொடும் துணி பருத்தியாக இருக்கக்கூடாது. பனியன், காட்டன் சுடிதார், ஜீன்ஸ் எல்லாம் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நடை நின்றதும் ஈரத்துணி சுற்றிய மாதிரி ஆகிவிடும். உள்ளே கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல், நடுவில் ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். இந்த மூன்று அடுக்கு போதும். ஒரே ஒரு தடித்த கோட்டைவிட இது மேல், ஏனென்றால் கடை, உணவகம், பேருந்து எல்லா இடத்திலும் 20 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும், உள்ளே போனதும் கழற்ற வேண்டியிருக்கும். பூட்ஸ் ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் சேர்ந்திருக்கும் வகை சூடு தரும். ஊட்டிக்கு எடுத்துப்போகும் மங்கி கேப் அங்கேயும் அருமையாக உழைக்கும், வெட்கப்படாமல் எடுத்துப் போங்கள். பனிச்சறுக்கு வண்டி, நாய்வண்டி நடத்துபவர்கள் பெரும்பாலும் முழு உடம்பையும் மூடும் உடையும் பூட்ஸும் தாங்களே தருவார்கள். அதற்காக இங்கே செலவு செய்ய வேண்டாம்.

வெப்பமானியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மைனஸ் 10 டிகிரியில் வினாடிக்கு 10 மீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20. டிராம்சோவில் ஜனவரிச் சராசரி மைனஸ் 4 டிகிரிதான், அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் அந்தக் கரையை உறைய விடுவதில்லை. ஆனால் காற்றும் ஈரமும் சேர்ந்து எலும்பில் இறங்கும். உள்நாட்டில் மைனஸ் 25 இருந்தாலும் காற்றில்லாத உலர்ந்த நாளாக இருந்தால் அம்மா அதையே தேவலை என்பார். மூக்கு நுனியிலோ கன்னத்திலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால் உடனே உள்ளே போய் வெறும் கையை வைத்துச் சூடேற்றுங்கள், தேய்க்கக் கூடாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள், அவரவருக்குத் தெரியாது. தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு கட்டியாகிவிடும். முகத்துக்கு வாசலின் போதும்.

இனி வழுக்கல். பாதி உருகி மறுபடி உறைந்த நடைபாதை கண்ணாடி மாதிரி இருக்கும். காலணிக்கு அடியில் ரப்பர் பட்டையால் மாட்டும் சிறு இரும்பு முள் வரிசை அங்கே மருந்துக்கடையிலும் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். ஊரில் இறங்கிய முதல் மணி நேரத்திலேயே வாங்கிவிடுங்கள். கடைக்குள் நுழைகையில் கழற்றிவிட வேண்டும், டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கும்.

முழங்கால் வலிக்காரருக்கு அந்த ஊரிலேயே ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. முன்னால் ஒரு நாற்காலி, கீழே இரண்டு நீண்ட இரும்புச் சட்டம், பின்னால் நிற்பவர் ஒரு காலை ஊன்றி உந்தித் தள்ளும் வண்டி. பின்லாந்தில் பொட்குரி, நார்வேயில் ஸ்பார்க் என்பார்கள். பாட்டிகள் அதில்தான் சாமான் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். பல விடுதிகளில் வாசலிலேயே நிற்கும், கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அம்மாவை உட்காரவைத்து உறைந்த ஏரி ஓரம் தள்ளிக்கொண்டு போங்கள். நாய்வண்டியும் பனி ஸ்கூட்டரும் தூக்கித் தூக்கிப் போடும், அவருக்கு வேண்டாம். கலைமான் இழுக்கும் வண்டி மெதுவாகத்தான் போகும்.

கண்ணாடி அணிகிறேன். போனும் வெளியே எடுத்ததும் அணைந்துவிடுமாமே? (திருச்சி வாசகர்)

போனை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். பவர் பேங்கையும் அப்படியே. கேமராவை வெளியிலிருந்து அறைக்குள் கொண்டுவரும் முன் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிடுங்கள், ஈரம் லென்ஸில் படியாமல் பைக்கு மேலே படியும். கண்ணாடிக்கு உலோக ஃபிரேம் வேண்டாம், தோலில் சுரீர் என்று பிடிக்கும்.

பத்து நாளில் மூன்று நாடுகளும் பார்த்துவிட வேண்டும். ரயிலில் முடியுமா? (சென்னை வாசகர்)

முடியும், ஆனால் எதை விடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள். டிராம்சோவுக்கு ரயில் கிடையாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

எனக்குப் பிடித்த வழி இது: ஸ்டாக்ஹோமில் மாலை ரயில் ஏறினால் மறுநாள் கிருணா, அதைத் தாண்டி அபிஸ்கோ. அங்கே நாலு இரவு. அப்புறம் அதே பாதையில் நார்வேயின் நார்விக், சுமார் ஒன்றரை மணி நேரம்தான். இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக போட்டு, 1903-ல் முறைப்படி திறந்துவைத்த பாதை அது. மலை உச்சியிலிருந்து கடல் நுழைந்த பள்ளத்தாக்குக்கு இறங்கும்போது ஜன்னல் பக்கம் இடம் பிடித்துவிடுங்கள். நார்விக்கிலிருந்து நாலு மணி நேரப் பேருந்தில் டிராம்சோ. அங்கே இரண்டு இரவு தங்கிவிட்டு விமானத்தில் திரும்பலாம். பின்லாந்தை இன்னொரு முறைக்கு வையுங்கள். பின்லாந்துதான் வேண்டும் என்றால் ஹெல்சிங்கியிலிருந்து ரோவனியெமிக்கு இரவு ரயில், பிறகு பேருந்தில் இனாரி.

ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முன்னால் ஒரு நாளைச் சும்மா விடுங்கள். 2023 டிசம்பரில் தாது ரயில் தடம்புரண்டு இந்தப் பாதை சுமார் இரண்டு மாதம் மூடிக் கிடந்தது. பனிப்புயலுக்கு ஒரு நாள் ரயில் நிற்பது சாதாரணம்.

கிருணாவில் இறங்கினால் ஊரே இடம் பெயர்வதைப் பார்க்கலாம். தரைக்கடியில் சுரங்கம் விரிவதால் நிலம் இறங்குகிறது. 1912-ல் கட்டிய மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் அப்படியே சக்கரங்களில் தூக்கி, 5 கிலோமீட்டரை இரண்டு நாளில் கடந்து புதிய இடத்தில் வைத்தார்கள்.

கார் எடுத்து ஓட்டலாமா? (துபாய் வாசகர்)

பனியில் ஓட்டிப் பழகாதவர் என்றால் வேண்டாம். ஆணி பதித்த டயர் இருந்தாலும் பிரேக் பிடிக்கும் தூரம் பல மடங்கு கூடும், பிற்பகலிலேயே இருட்டிவிடும், கலைமான் கூட்டம் சாலை நடுவில் நிற்கும். நார்வேயில் 'வடமுனை' என்று பெயர்பெற்ற நூர்காப்புக்குக் குளிர்காலத்தில் கடைசி 13 கிலோமீட்டரைப் பனி வாரும் வண்டிக்குப் பின்னால் குறித்த நேரத்தில் வரிசையாகத்தான் கடக்க முடியும். காற்று மிஞ்சினால் அதுவும் ரத்து. விபத்து என்றால் எங்கிருந்தாலும் 112.

சுத்த சைவம். பட்டினி கிடக்க நேருமா? நெய்யும் பருப்புப் பொடியும் கொண்டுபோகலாமா? (மயிலாடுதுறை வாசகி)

நெய் கூடாது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை உண்டு. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய்க்குத் தடையில்லை. அரிசியும் தயிரும் வெண்ணெயும் எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்கும். சமையலறை உள்ள குடில் எடுத்தால் கவலையே இல்லை.

பின்லாந்தில் கர்யலன்பீராக்கா என்று ஒரு பலகாரம் உண்டு. கம்பு மாதிரி கறுத்த ரை மாவு ஓட்டுக்குள் குழைந்த பால் சோறு. முட்டை கலந்த வெண்ணெயை மேலே தடவித் தருவார்கள், அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓரங்கள் மொறுமொறுவென்று, சூடாகச் சாப்பிட நன்றாயிருக்கும். உணவகத்தில் 'சைவம்' என்றால் மீன் சேரலாமா என்று திரும்பக் கேட்பவர்கள் உண்டு, முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

விசா மூன்று எடுக்க வேண்டுமா? (மதுரை வாசகர்)

மூன்று நாட்டுக்கும் சேர்த்து ஒரே ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) விசா போதும். அதிக நாள் தங்கும் நாட்டின் வழியாக விண்ணப்பியுங்கள், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கும் போவதானால் இருமுறை நுழைவு விசா கேளுங்கள், அது ஷெங்கனுக்கு வெளியே இருக்கிறது.

சாமி இன மக்களின் கூடாரத்தில் ஒரு நாள் இருக்கும் பயணம் ஒன்று பார்த்தேன். அது உண்மையானதா, வேடிக்கை காட்டுவதா? (யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்லோவிலிருந்து)

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. சாமி மக்கள் இந்த வடகோடியின் பூர்வகுடிகள். 1980-களில் வட நார்வேயின் பின்மார்க் மீன் ஆலைகளில் வேலைக்குப் போன தமிழர்களுக்கு அந்த மண்ணைத் தெரியும். நம்மில் மற்றவர்கள் அதை வெறும் பனிக்காடாகத்தான் பார்த்துவிட்டு வருகிறோம்.

யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். கலைமான் வளர்க்கும் சாமிக் குடும்பமே நடத்தினால் போங்கள். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்பதே பெரிய விஷயம். யோய்க் என்ற அவர்களது பாட்டைப் பாடினால் அமைதியாகக் கேளுங்கள். அது ஒருவரை 'பற்றி'ப் பாடுவதில்லை, அவரையே பாடுவது என்பார்கள். பள்ளியில் சாமி மொழி பேசத் தடை இருந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. 1979 முதல் 1981 வரை ஆல்டா ஆற்று அணையை எதிர்த்து அவர்கள் நடத்திய போராட்டம் தோற்றது. ஆனாலும் அதன் விளைவாக 1989-ல் நார்வேயில் சாமி நாடாளுமன்றம் பிறந்தது. அவர்களது உடையை வேஷமாக வாடகைக்குத் தரும் இடங்களில் பணம் கொடுக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கேட்க வேண்டாம்: "உங்களிடம் எத்தனை கலைமான்?" ஒருவரது வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது போல அது. அதற்குப் பதில் பனி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். தமிழில் மார்கழிப் பனிக்கும் இமயப் பனிக்கும் ஒரே சொல்தான். சாமி மொழியில் பனியின் நிலைகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள். குவொஹ்துன் என்று ஒரு சொல், பனியைத் தோண்டிக் கலைமான் மேயக்கூடிய நிலையைச் சொல்வது. இப்போது நடுக் குளிர்காலத்தில் மழை பெய்து, அது உறைந்து, அடியில் இருக்கும் பாசிக்கு மேலே பனிக்கட்டி மூடிவிடுகிறது. மான் தோண்டினால் குளம்புதான் வலிக்கும். அந்த ஆண்டுகளில் தீவனம் வாங்கிப் போட வேண்டியிருக்கிறது. இதைக் கேட்டால் அவர்கள் நிறையப் பேசுவார்கள்.

பிப்ரவரி முதல் வாரம் உங்களுக்கு வசதிப்பட்டால் சுவீடனின் யொக்மொக் சந்தைக்குப் போங்கள். 1605-லிருந்து நடக்கிறது, அந்த மாதத்தின் முதல் வியாழன் தொடங்கி மூன்று நாள். கத்தி, மரக் கோப்பை, கலைமான் கொம்பு வேலைப்பாடு எல்லாம் செய்தவர் கையிலிருந்தே வாங்கலாம். தங்கும் இடத்துக்கு மட்டும் பல மாதம் முன்பே சொல்லிவையுங்கள்.