என்விடியா கார்டைக் கழற்றிய பின் லினக்ஸ் மின்ட்டில் கறுப்புத் திரை: ஃபார்மட் செய்துதான் ஆக வேண்டுமா?

வேண்டாம். பழுதான என்விடியா கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியதாகவும், மின்ட் லோகோ வந்த பின் லாகின் பக்கம் வராமல் திரை கறுத்துவிடுவதாகவும், கடையில் ஃபார்மட் செய்யச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். லோகோ தெரிவதால் மானிட்டரில் பழுதில்லை. தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் டிடிபி கடைகளின் கணினிகளைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரேயொரு அமைப்புக் கோப்புக்காக வாடிக்கையாளர்களின் ஃபைல்கள் அத்தனையையும் அழிப்பது பெரும் அநியாயம்.

கறுப்புத் திரையில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து வடிவ லாகின் வரும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, அது இயல்புதான். உள்ளே சென்று, வார் ஃபோல்டரின் லாக் பகுதியிலுள்ள எக்ஸ்ஆர்க் (திரையில் படத்தைக் காட்டும் மென்பொருள்) பதிவை (/var/log/Xorg.0.log) திறந்து, அடைப்புக்குறிக்குள் இரண்டு ஆங்கில 'ஈ' (EE) போட்ட வரிகளை மட்டும் படியுங்கள். என்விடியா டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) ஏற்ற முடியவில்லை என்றோ, திரையே கிடைக்கவில்லை என்றோ இருந்தால், இல்லாத கார்டைக் கணினி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அப்படித் தேடச் சொல்வது ஈடிசி ஃபோல்டருக்குள் எக்ஸ்11 என்ற உள்ஃபோல்டரில் இருக்கும் எக்ஸ்ஆர்க்.கான்ஃப் (/etc/X11/xorg.conf) கோப்பு, என்விடியாவின் அமைப்புக் கருவி எப்போதோ எழுதி வைத்தது. அதை அழிக்காமல், நிர்வாகி உரிமை தரும் சூடோ (sudo) சேர்த்த எம்வி (mv) கட்டளையால் பெயரை மட்டும் மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இன்றைய எக்ஸ்ஆர்க்குக்கு அந்தக் கோப்பு தேவையே இல்லை. இருக்கும் கிராஃபிக்ஸையும் மானிட்டரையும் அதுவே கண்டறிந்துகொள்ளும். லாகின் வந்ததும் மீதமிருக்கும் என்விடியா டிரைவரை நீக்கிவிடலாம்.

திரை வந்தும் 1024x768 அளவிலேயே நின்றால், உங்களுடையது விஜிஏ கேபிள் எனில், அதன் 15 பின்களையும் பாருங்கள். நிறம் 1, 2, 3 ஆகிய பின்களில் வருகிறது. மானிட்டர் தன் அளவுகளைக் கணினிக்குச் சொல்வதோ 12, 15 ஆகிய பின்கள் வழியாக. இவ்விரண்டில் ஒன்று வளைந்தாலும், காசிமேடு, ராயபுரம் பக்கத்து உப்புக்காற்றில் பச்சை பிடித்தாலும், படம் வரும், சரியான அளவு மட்டும் வராது. அமைப்பில் மேற்கொண்டு கை வைக்கும் முன், வேறொரு கேபிளைச் செருகிப் பாருங்கள்.