தம்பிக்கு வட்டி இல்லை, அக்காவுக்கு 16 சதவீதம்

கேள்வி: திருச்சியில் வசிக்கிறேன், வயது 61. அரசுப் பள்ளியில் வரலாறு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பென்ஷன் மாதம் 52,000 ரூபாய். கணவர் நான்கு வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். வரும் ஜூனில் இரண்டு தோழிகளோடு ரோட்டர்டாமிலிருந்து நார்வேக்கு ஏழு நாள் கப்பல் பயணம். கப்பல் கட்டணம் 2.4 லட்சமும் விமான டிக்கெட்டும் கட்டியாயிற்று. கப்பல் ரோட்டர்டாமுக்கே திரும்பி வந்ததும் தோழிகள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் மட்டும் நான்கு இரவு ஆம்ஸ்டர்டாமில் தனியாகத் தங்கிப் பார்க்க ஆசைப்படுகிறேன். டிக்கெட் தேதி மாற்ற 18,000, ஏஜென்ட் சொல்லும் நான்கு நாள் பேக்கேஜ் 1,75,000, தம்பி வீட்டார் கேட்ட பொருட்கள் 80,000, கைச்செலவு 27,000, ஆக 3 லட்சம். ஆர்.டி.யில் மாதம் 15,000 போட்டு இதற்கென்றே 2.7 லட்சம் சேர்த்திருந்தேன். டிசம்பரில் தம்பி மகனுக்கு பழைய கார் வாங்க அதிலிருந்து 2.5 லட்சம் கொடுத்துவிட்டேன். "கப்பல்ல போற அக்காவுக்கு இது ஒரு தொகையா" என்றான். 2023ல் வீட்டு ரிப்பேருக்குக் கொடுத்த 1.5 லட்சத்தில் 60,000தான் திரும்பி வந்தது. பயண ஆப் ஒன்றில் 16 சதவீத வட்டிக்கு இரண்டு வருடக் கடன் தருகிறார்கள். வங்கியில் 6 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, அதை உடைக்க மனமில்லை. கடன் வாங்கலாமா?

பதில்: வணக்கம் டீச்சர். வாங்க வேண்டாம். எஃப்.டி. பற்றியும் வட்டி பற்றியும் உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை, கடிதத்திலேயே எல்லாக் கணக்கையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு கூட்டல் மட்டும்தான் பாக்கி. பழைய பாக்கி 90,000, டிசம்பரில் கொடுத்தது 2.5 லட்சம், ஆக 3.4 லட்சம் தம்பியிடம் இருக்கிறது. நீங்கள் வாங்கப் போகும் கடன் 3 லட்சம். அவருக்கு வட்டியில்லாமல் கொடுத்துவிட்டு, ஏறக்குறைய அதே தொகையை நீங்கள் 16 சதவீதத்துக்கு வாங்குகிறீர்கள். பார்த்தால் நெதர்லாந்துக்கு வாங்கும் கடன் மாதிரி இருக்கிறது, உண்மையில் அது கார் கடன். கார் அவர் வீட்டு வாசலில் நிற்கிறது, தவணை உங்கள் பென்ஷனில் போகும்.

எவ்வளவு போகும்? 3 லட்சத்துக்கு 24 மாதத் தவணை சுமார் 14,700. வட்டி மட்டும் 52,000க்கு மேல். பிராசஸிங் கட்டணம் 2 சதவீதம், அதன் மேல் ஜி.எஸ்.டி. என்று இன்னொரு 7,000. சுமார் 60,000 ரூபாய், உங்களுடைய ஒரு மாத பென்ஷனுக்கும் மேல். இப்போது ஆர்.டி.க்குப் போகும் அந்த 15,000தான் இரண்டு வருடத்துக்குத் தவணையாக மாறும், அதாவது 2028 வரைக்கும் உங்களால் எதுவும் சேர்க்க முடியாது. அதற்குள் தம்பி வீட்டில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ வராமல் இருக்குமா? இந்தப் பயணக் கடன்களை ஆப்பில் நான்கு பட்டனில் கொடுத்துவிடுகிறார்கள், படிக்க நேரமே தருவதில்லை. "நோ காஸ்ட் இ.எம்.ஐ." என்று போட்டிருந்தாலும் பேக்கேஜ் விலையிலேயே வட்டியை ஏற்றியிருக்கிறார்களா என்று பார்க்காமல் நம்பாதீர்கள்.

தம்பி மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கணவர் இறந்த சமயத்தில் அவர்தான் கூட நின்றிருப்பார் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. அந்த நன்றியை ஒவ்வொரு முறையும் பயணப் பணத்திலிருந்து எடுத்துத் தீர்ப்பதுதான் பழக்கமாகிவிட்டது. கவனித்துப் பாருங்கள், அவர் உங்கள் எஃப்.டி.யைக் கேட்பதில்லை, ஊர் சுற்றச் சேர்த்த பணத்தைத்தான் கேட்கிறார், ஏனென்றால் அது அவசியமில்லாத பணம் என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். நீங்களும் கொஞ்சம் அப்படித்தான் நினைக்கிறீர்கள், அதனால்தான் கேட்டவுடன் கை நீளுகிறது.

சரி, இப்போது பயணத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று பார்ப்போம். யூரோ 105 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஆம்ஸ்டர்டாமில் ஜூன் மாதம் ஓரளவு நல்ல அறை ஒரு இரவுக்கு 190 யூரோ என்று எடுத்துக்கொண்டால், நகராட்சியின் சுற்றுலா வரி 12.5 சதவீதம் அதன் மேல் வரும், சுமார் 20 யூரோ. தங்கும் அறைகளுக்கான வாட் வரியையும் இந்த 2026 ஜனவரியிலிருந்து 9 சதவீதத்திலிருந்து 21க்கு ஏற்றிவிட்டார்கள். தனி ஆளாக இருந்தாலும் முழு அறைக்கும் கட்ட வேண்டும். நான்கு இரவுக்கு 840 யூரோ, 88,000 ரூபாய். இதைக் கொடுக்கத் தேவையே இல்லை டீச்சர், லெய்டனில் தங்குங்கள்.

பெயரைப் பார்த்ததும் உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். ஆனைமங்கலச் செப்பேடுகளை லெய்டன் செப்பேடுகள் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பீர்களே, அதே ஊர்தான். ராஜராஜன் நாகப்பட்டினத்து விகாரத்துக்குக் கொடுத்த கிராமத்தின் கதையை எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பீர்களோ, அந்தத் தெருக்களில் நடக்கும் வாய்ப்பை விடாதீர்கள். ரெம்ப்ராண்ட் 1606ல் பிறந்ததும் அங்கேதான். அங்குள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தின் நுழைவு மண்டபத்தில் எகிப்திலிருந்து கல் கல்லாகக் கொண்டுவந்து நிறுத்திய ஒரு கோயிலே இருக்கிறது. வரலாறு டீச்சருக்கு ஒரு நாள் போதாது. பண விஷயத்திலும் இது நல்ல இடம். ஆம்ஸ்டர்டாம் ரயிலில் 35 நிமிடம், ஹேக் கால் மணி நேரம், நீங்கள் விமானம் ஏறும் ஸ்கிப்போல் இருபது நிமிடத்துக்குள்.

லெய்டனில் வரியோடு ஒரு இரவுக்கு 130 யூரோ என்று போட்டால் நான்கு இரவுக்கு 520. ரயில், டிராம் எல்லாம் சேர்த்து 100. ரைக்ஸ்மியூசியம், வான்கோ, ஹேக்கில் முத்துத் தோடு போட்ட பெண் ஓவியம் இருக்கும் மவுரிட்ஸ்ஹைஸ், இந்த மூன்றுக்கும் ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 25 யூரோ, ஆன் ஃபிராங்க் வீடு 16 சொச்சம், எல்லாம் 100க்குள் அடங்கும். சாப்பாடு நாளுக்கு 45 வீதம் 180. ஆக 900. அவசரத்துக்கு 150 சேர்த்தால் 1,050 யூரோ, 1,10,000 ரூபாய். டிக்கெட் மாற்றும் 18,000ஐயும் சேர்த்து 1,30,000 என்று முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சத்தில் பாதிகூட இல்லை.

ஏஜென்ட் சொல்லும் 1,75,000 பேக்கேஜ், தனியாகப் போகும் பெண்ணின் பயத்துக்குப் போட்ட விலை. என்ன பயம் என்று நிதானமாகப் பாருங்கள். ரோட்டர்டாமில் கப்பல் நிற்கும் வில்ஹெல்மினா துறையிலிருந்து நடக்கும் தூரத்தில் வில்ஹெல்மினாப்ளைன் மெட்ரோ. அங்கே ஏறினால் நான்காவது நிறுத்தம் ரோட்டர்டாம் சென்ட்ரால். அங்கிருந்து லெய்டனுக்கு நேர் ரயில். டிக்கெட் வரிசையே கிடையாது, உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டை வாயிலில் தட்டினால் ஒரு பீப், இறங்கும்போது அதே கார்டைத் தட்டினால் இன்னொரு பீப், நாடு முழுக்க பஸ், டிராம், ரயில் எல்லாவற்றுக்கும் இதுதான். இறங்கும்போது ரயில் நிலையத்தில் தட்ட மறந்தால் 20 யூரோ பிடித்துக்கொள்வார்கள். ஏறும்போது போனைக் காட்டிவிட்டு இறங்கும்போது பிளாஸ்டிக் கார்டைத் தட்டினாலும் இரண்டு வேறு கார்டாகத்தான் கணக்கு, அதில் கவனம். அப்புறம் தெருவில் சிவப்பு நிறத்தில் இருக்கும் பாதை சைக்கிளுக்கானது. கோயில் பார்க்கிற மாதிரி நின்று கட்டடம் பார்க்க வேண்டாம், மணி அடித்துக்கொண்டு வேகமாக வருவார்கள்.

கடையில் கார்டு மெஷின் திரையில் சில சமயம் இரண்டு தொகை வரும், ஒன்று ரூபாயில், ஒன்று யூரோவில். ரூபாய் பழகிய எண் என்று அதை அமுக்கத் தோன்றும். யூரோவை அமுக்குங்கள், இல்லையென்றால் அவர்கள் வைத்த மாற்று விலையில் பல சதவீதம் கூடப் போகும். ஆம்ஸ்டர்டாம் சிட்டி கார்டு என்று ஒன்றை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். வான்கோ அருங்காட்சியகமும் ஆன் ஃபிராங்க் வீடும் அதில் வராது, உங்கள் பட்டியலுக்கு அது லாபமில்லை. ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு டிக்கெட் இணையத்தில் மட்டும்தான், செவ்வாய்க்கிழமைதோறும் ஆறு வாரத்துக்கு முன்கூட்டியே திறக்கும். துலிப் தோட்டம் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள், கியூகன்ஹாஃப் மே நடுவிலேயே மூடிவிடும்.

இனி 1,30,000க்கு வழி. பிப்ரவரியிலிருந்து மே வரை ஆர்.டி.க்குப் போடும் 15,000ஐ எடுத்து வைத்தால் 60,000. மீதி 70,000. தம்பியிடம் "எப்போ முடியுமோ அப்போ கொடு" என்று சொல்லாதீர்கள், அந்த வார்த்தைக்கு இதுவரை கிடைத்தது அந்த 60,000தான். "மே முடிவதற்குள் எனக்கு 70,000 வேண்டும்ப்பா, நாலு மாசமாப் பிரிச்சுக் கொடு, மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம்" என்று தொகையும் தேதியும் சொல்லிக் கேளுங்கள். போனில் வேண்டாம், நேரில் போய், அவர் மனைவியும் கூட இருக்கும்போது. அவர் கொடுக்காவிட்டாலும் பயணம் நிற்காது. எஃப்.டி.யை உடைக்காமல் அதன் மேல் வங்கியில் ஓவர்டிராஃப்ட் கேளுங்கள், அதாவது அதை ஈடாக வைத்து எடுக்கும் கடன், எஃப்.டி. வட்டியைவிட ஒரு சதவீதம் கூட இருக்கும், 8.5 என்று வைப்போம். 70,000 எடுத்து ஊர் திரும்பிய பின் மாதம் 15,000 கட்டினால் ஐந்து மாதத்தில் தீரும், வட்டி சுமார் 1,500 ரூபாய். ஆப் கடனின் 60,000ஐ இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பொருள் பட்டியல் 80,000ஐ முழுதாக அடித்துவிடுங்கள். கார் வாங்கிக் கொடுத்த அத்தை கடிகாரமும் சென்ட்டும் வாங்கி வர வேண்டியதில்லை. அங்குள்ள சூப்பர்மார்க்கெட்டில் ஸ்ட்ரூப்வாஃபல் என்ற டச்சு இனிப்பு பிஸ்கட் பாக்கெட் சில யூரோதான், பத்து பாக்கெட் வாங்கினால் தெருவுக்கே கொடுக்கலாம்.

இரண்டு விஷயம் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பணம் சம்பந்தப்பட்டது. கப்பல் கட்டணத்தில், நீங்கள் கட்டிய சமயத்தில் இருந்த 5 சதவீதம் டி.சி.எஸ். (பணம் வாங்குபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்திருப்பார்கள், சுமார் 12,000. உங்கள் வருமானத்துக்குப் புதிய முறையில் வரி வராது, அதனால் ரிட்டர்ன் வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள், கட்டாயம் போடுங்கள், அது அப்படியே திரும்பி வரும். கப்பலில் தினசரி சேவைக் கட்டணம் முன்கூட்டியே கட்டியாயிற்றா என்றும் பாருங்கள், இல்லையென்றால் கடைசி நாள் பில்லில் நூறு டாலருக்கு மேல் நிற்கும்.

அப்புறம் விசா. ஏஜென்ட் மூன்று பேருக்கும் ஒரே தேதியில் விண்ணப்பம் நிரப்பியிருந்தால் உங்கள் நான்கு நாள் அதில் இருக்காது. கூடுதல் நாளுக்குத் தனிக் கட்டணம் இல்லை, அதே 90 யூரோதான். ஆனால் லெய்டன் அறை பதிவும் அந்த நாட்களுக்கான காப்பீடும் விண்ணப்பத்தோடு இருக்க வேண்டும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், நான்கு நாள் கூடும்போது நார்வேயா நெதர்லாந்தா என்பதே மாறலாம். கப்பல் வழியில் ஏதாவது பிரிட்டிஷ் துறைமுகத்தைத் தொடுகிறதா என்றும் கேளுங்கள், தொட்டால் பலமுறை நுழையும் விசா வேண்டும், பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டுமா என்பதும் தெரியவேண்டும். தம்பி வீட்டுக்குப் போவதற்கு முன்னால், நாளைக்குக் காலையிலேயே ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.