ஆர்முடுகல் மாறும்போது எந்தச் சமன்பாடு?

கேள்வி: நான் இணைந்த கணிதம் கற்கும் உயர்தர மாணவி. ஓய்விலிருந்து புறப்படும் புகையிரதம் ஒன்று 0.2 மீற்றர்/செக்கன்² ஆர்முடுகலுடன் வேகமெடுத்து, சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓடி, 0.4 மீற்றர்/செக்கன்² அமர்முடுகலுடன் அடுத்த நிலையத்தில் நிற்கிறது. தூரம் 1625 மீற்றர், நேரம் 200 செக்கன் எனின் உச்ச வேகம் யாது? இயக்கச் சமன்பாடுகளில் (v = u + at போன்றவை) பிரதியிட்டால் தெரியாக் கணியங்கள் பெருகிவிடுகின்றன. மேலும், எங்கள் மலைப்பாதை வளைந்து வளைந்து செல்கிறதே, அதற்கு நேர்கோட்டு இயக்கக் கணக்குப் பொருந்துமா?
— வாசகி, ஹட்டன்

பதில்: இயக்கச் சமன்பாடுகள் ஆர்முடுகல் மாறாதிருக்கும் நேர இடைவெளிக்குள் மட்டுமே செல்லும். உங்கள் கணக்கில் அது இரு தடவை மாறுவதால், பயணம் முழுவதற்கும் ஒரே சமன்பாட்டைப் பிரதியிட இயலாது. எனவே வேக–நேர வரைபை முதலில் வரையுங்கள். மாணவர் பலர் விடை கண்ட பின்னர் அதை அலங்காரமாக வரைகின்றனர். உண்மையில் தீர்வே அதற்குள்தான் இருக்கிறது. கோட்டின் படித்திறன் (சாய்வு) ஆர்முடுகலையும், கோட்டுக்கும் நேர அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பளவு சென்ற தூரத்தையும் தரும்.

உச்ச வேகத்தை வ என்க. படித்திறன்களின்படி ஏறும் கோட்டுக்கு 5வ செக்கனும் இறங்கும் கோட்டுக்கு 2.5வ செக்கனும் ஆகும்; சீரான வேகத்துக்கு எஞ்சுவது 200 − 7.5வ. கிடைக்கும் உரு, 200, 200 − 7.5வ ஆகிய சமாந்தரப் பக்கங்களையும் வ என்ற உயரத்தையும் கொண்ட சரிவகம். ஆகவே ½வ(400 − 7.5வ) = 1625; சுருக்கினால் 3வ² − 160வ + 1300 = 0. தீர்வுகள் 10, 130/3. இரண்டும் நேர்ப் பெறுமானங்கள் என்பதால் எதை விடுவது என்ற தயக்கம் எழும், வரைபைப் பாருங்கள். 130/3 எனில் வேகமெடுத்து நிற்பதற்கே 325 செக்கன் வேண்டும், நம்மிடம் இருப்பதோ 200. எனவே விடை 10 மீற்றர்/செக்கன், அதாவது மணிக்கு 36 கிலோமீற்றர். நிராகரித்த காரணத்தை விடைத்தாளில் எழுதத் தவறாதீர்கள்.

வளைவு பற்றிய உங்கள் ஐயம் மிக நல்லது. தண்டவாளத்தின் வழியே அளக்கும் கதியை வரைபிலிட்டால், பரப்பளவு தண்டவாளத்தின் வழியே சென்ற தூரத்தைத் தரும். படித்திறன் கதி மாறும் வீதத்தைத் தரும். கணக்கு அப்படியே நிற்கும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையேயான இடப்பெயர்ச்சியை (நேர்கோட்டில் அளக்கும் இடமாற்றத்தை) மட்டும் அதிலிருந்து பெற முடியாது.

ஆர்முடுகல் தொடர்ச்சியாக மாறினால் கோடு வளைகோடாகும். அதன் தொடலியின் படித்திறனே அக்கணத்து ஆர்முடுகல். ஓய்விலிருந்து புறப்படும் ஒரு பொருளின் ஆர்முடுகல் 0.4 மீற்றர்/செக்கன்² இலிருந்து 60 செக்கனில் சீராகக் குறைந்து பூச்சியமாகிறது எனக் கொள்ளுங்கள். ஆர்முடுகல்–நேர வரைபில் அது ஒரு முக்கோணி. அதன் பரப்பளவான 12 மீற்றர்/செக்கன் இறுதி வேகம். வேக வளைகோடு தொடக்கத்தில் சாய்வு கூடியதாகவும் போகப் போகத் தட்டையாகவும் இருப்பதால், தொடக்கத்தையும் முடிவையும் இணைக்கும் நேர்கோட்டுக்கு மேலேயே அது செல்லும். ஆகவே தூரம், அந்த நேர்கோட்டின் கீழான பரப்பளவு தரும் 360 மீற்றரை விடக் கூடுதலாகவும், முழு நேரமும் 12 மீற்றர்/செக்கனில் சென்றால் வரும் 720 மீற்றரை விடக் குறைவாகவும் இருந்தாக வேண்டும். தொகையிட்டால் 480 மீற்றர் வரும். இந்த எல்லைகளுக்கு வெளியே விடை கிடைத்தால் தொகையீட்டில் எங்கோ பிழை இருக்கிறது.